பிரிக்பீல்ட்ஸ் மஞ்சள் தடம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், பார்வையற்றோர் பாதத்தாலும் வெள்ளைப் பிரம்பாலும் உணர்ந்து நடப்பதற்காக நடைபாதைகளில் பதித்துள்ள புடைப்புக் கற்களின் வரிசை. நீளக் கோடுகள் புடைத்த கல் ‘நேரே போகலாம்’ என்கிறது. பொட்டுப் பொட்டாகப் புடைத்த கல் நிற்கச் சொல்கிறது: எதிரே சாலையோ படியோ திருப்பமோ இருக்கும். இம்முறையை உருவாக்கியவர் ஜப்பானியரான செய்இச்சி மியாகே. முதல் கற்கள் 1967-இல் ஒக்கயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே பதிக்கப்பட்டன.

செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில்தான் 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இருக்கிறது. 1986-இல் பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனையை நிறுவியதும் இச்சங்கமே. பார்வையற்றோர் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்களும் பிரிக்பீல்ட்ஸில் பெயர் பெற்றவை.

காலால் அறியும் கல்லுக்கு நிறம் எதற்கு? பார்வையற்றோர் எனப்படுவோரில் பெரும்பாலோருக்கு உலகம் முழு இருட்டன்று. வெளிச்சம், நிழல், பெரிய உருவங்கள் ஓரளவு தெரியும். அந்த மிச்சப் பார்வைக்கு எட்டும் நிறம் மஞ்சள். விழித்திரையில் நிறமறியும் கூம்பு அணுக்கள் மூன்று வகை. அவற்றில் இரண்டை மஞ்சள் ஒளி ஒருசேரத் தூண்டுகிறது. பகலில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள்பச்சையை. மஞ்சள் அதற்கு அடுத்த வீடு. கண்புரையால் பழுத்த வில்லையும் நீலத்தை விழுங்கும் அளவுக்கு மஞ்சளை விழுங்குவதில்லை.

ஆனால் மஞ்சள் தனியே எதையும் சாதிக்காது. பக்கத்தில் கருந்தாரோ அடர்சாம்பல் கல்லோ இருந்தால்தான் அது எடுப்பாகத் தெரியும். அழகுக்காக வெளிர் மணல்நிறக் கற்களின் நடுவே பதித்தால் பாதி பயன் போயிற்று. பொழுது சாய்ந்து வெளிச்சம் குன்றும்போது வேலை கூம்பிலிருந்து கோல் அணுக்களுக்கு மாறுகிறது. கோல் அணுக்களுக்கு நிறம் தெரியாது. அவற்றின் உணர்வு உச்சமும் 507 நானோமீட்டர் பக்கம் நகர்ந்துவிடும். அப்போது மஞ்சள் என்பதே இல்லை. வெளிர், கருமை என்ற வேறுபாடுதான் வழி காட்டும்.

அதற்கும் மேல், தடம் காலியாக இருக்க வேண்டும். கடைப்பலகையும் மோட்டார் சைக்கிளும் அதன்மேல் நிற்பது பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் போகிறவர்களுக்குப் பழகிய காட்சி. தீபாவளிச் சாமான் வாங்க அங்கே போகிறவர்கள் வண்டியை மஞ்சள் கல்லை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.