சேவலுக்குக் காயடித்த வரலாறு

ஆட்டுக்கிடாய்க்கும் காளைக்கும் விதை உடலுக்கு வெளியே தொங்குகிறது. காயடிப்பவர் கையால் தடவிப் பார்த்தே வேலையை முடித்துவிடலாம். சேவலுக்கு அப்படியில்லை. அதன் விதைகள் வயிற்றுக்குள்ளே, முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகங்களின் முன்முனையில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உடலின் மிகப் பெரிய இரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. மற்றக் கால்நடைகளுக்குக் காயடிப்பதைவிடச் சேவலுக்குக் காயடிப்பது ஆபத்தானதாக இருப்பதற்கும், அதைப் பற்றி முற்காலத்தில் எழுதியவர்களில் பலர் தவறாகவே எழுதிவைத்ததற்கும் இந்த உடலமைப்புத்தான் காரணம்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய நூலில், சேவலின் பின்புறத்தில் இரண்டு மூன்று இடங்களில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டுக் காயடிப்பார்கள் என்று குறித்திருக்கிறார். வளர்ந்த சேவலானால் கொண்டை வெளிறிவிடும், கூவுவது நின்றுவிடும், பெட்டையை மிதிக்கும் ஆசையும் போய்விடும் என்கிறார். விளைவைப் பற்றிய இந்தக் கவனிப்பு இன்றைக்கும் சரி. செய்முறையில்தான் குழப்பம். ரோமானியரான வர்ரோ கி.மு. 37இல் எழுதிய வேளாண்மை நூலில் சூடு போடும் இடம் காலின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. தோல் வெடிக்கும்வரை சுட்டு, புண்ணின் மேல் குயவர் களிமண்ணைப் பூச வேண்டுமாம். அடுத்த நூற்றாண்டில் கொலுமெல்லா இன்னும் ஒரு படி போகிறார்: உறுப்பை எடுப்பதால் அல்ல, கால்முள்ளைச் சுடுவதாலேயே சேவல் ஆண்மை இழக்கிறது என்கிறார். கால்முள்ளுக்கும் விதைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. முறையாகக் காயடிக்கப்பட்ட சேவலுக்கும் கால்முள் வளர்கிறது, வால் இறகும் சேவலுடையதாகவே இருக்கிறது. எழுதிய பெரியவர்கள் கோழிக்கூட்டுப் பக்கம் அதிகம் போயிருக்கவில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது.

இந்த வழக்கத்தின் தொடக்கத்தைப் பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கி.மு. 161இல் ரோமில் ஆடம்பர விருந்துகளைக் கட்டுப்படுத்த ஃபன்னியஸ் சட்டம் வந்தது. விருந்துக்கு ஒரு பெட்டைக்கோழிதான், அதுவும் கொழுக்கவைக்காத கோழியாக இருக்க வேண்டும் என்றது அது. சட்டம் பெட்டையைத்தானே சொல்கிறது என்று ரோமானியர் சேவலுக்குக் காயடித்துக் கொழுக்கவைத்தார்கள், அப்படித்தான் இந்த வழக்கம் பிறந்தது என்பது கதை. அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே அரிஸ்டாட்டில் இதைக் குறித்துவிட்டதால் கதை நிற்காது. சட்டத்தில் இருந்த இந்த ஓட்டையைப் பற்றி எழுதிய மூத்த பிளினியும், சேவலுக்குப் பாலில் நனைத்த தீனியைக் கொடுத்தார்கள் என்று மட்டுமே அந்த இடத்தில் சொல்கிறார்.

ஐரோப்பாவில் பின்னர் நிலைத்தது அறுவை முறை. பருவமடையாத இளம் சேவல் குஞ்சைத் தேர்ந்தெடுப்பார்கள். குடல் காலியாகி விதை கண்ணில் படவேண்டும் என்பதற்காக ஒரு நாள் முழுக்கத் தீனியும் தண்ணீரும் நிறுத்தப்படும். இறக்கைகளையும் கால்களையும் கயிற்றால் கட்டி, கயிற்றின் மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டுக் குஞ்சைப் பலகையில் நீட்டிப் படுக்கவைப்பார்கள். கடைசி இரண்டு விலா எலும்புகளுக்கு இடையில் கீறி, சிறு கம்பிக் கவையால் விலாவை விரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வைக் கிழித்தால் நெல்மணி அளவில் மஞ்சளான விதை தெரியும். குதிரை மயிர்ச் சுருக்கிலோ இடுக்கியிலோ அதைப் பிடித்து முறுக்கி எடுக்க வேண்டும். பக்கத்துக் குழாயில் கருவி பட்டால் குஞ்சு அங்கேயே செத்துப்போகும். விதையில் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் அது மறுபடி வளரும். சில மாதங்களில் அந்தப் பறவைக்குக் கொண்டை சிவக்கும், கூவத் தொடங்கும், கறியும் முற்றும். இப்படி அரைகுறையாகப் போனவற்றை அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் ‘ஸ்லிப்’ என்றார்கள். அறுவைக்குப் பிறகு தோலுக்கடியில் காற்று புகுந்து உப்புவதும் வழக்கம். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். இத்தனைக்கும் பண்ணையில் மயக்க மருந்து கொடுக்கும் பழக்கம் இருந்ததில்லை.

இவ்வளவும் கறிக்காக. காயடித்த சேவல் சண்டையிலும் பெட்டையை விரட்டுவதிலும் சக்தியைச் செலவழிக்காது. கொழுப்பு தசைக்குள்ளேயே படியும், கறி மெதுவாக முற்றும். ஐரோப்பாவில் அது கிறிஸ்துமஸ் விருந்தின் பறவையாயிற்று. பிரான்சின் புர்க்-ஆன்-பிரெஸ் நகரில் டிசம்பர் மாதக் கோழிப் போட்டி 1862 முதல் நடந்துவருகிறது. அங்கே இறகு பறித்த பறவையைத் துணியில் இறுகத் தைத்து உருட்டிவைத்து விற்பனைக்குக் கொண்டுவருவார்கள். ஸ்பெயினின் வில்யால்பா சந்தையும் இத்தாலியின் மொரோட்ஸோ ஊரும் இதற்குப் பேர்போனவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி காயடித்த சேவல் என்று விற்கப்படும் பறவைக்குக் குறைந்தது 140 நாள் வயதாகியிருக்க வேண்டும், காயடித்த பின் 77 நாளாவது அது கொழுக்கவைக்கப்பட்டிருக்க வேண்டும்.

சமையலறைக்காகச் செய்த இந்த வேலை அறிவியலுக்கும் பயன்பட்டது. 1848இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்ட்டோல்ட் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். சிலவற்றின் விதைகளை முழுவதும் நீக்கினார். மற்றவற்றில் ஒரு விதையை வயிற்றின் வேறிடத்தில் பொருத்தினார். முதல் வகை கொண்டை சுருங்கிச் சாதுவாகின. இரண்டாம் வகை வழக்கம்போல் கூவின, சண்டையிட்டன. நரம்புத் தொடர்பு அறுந்த விதையும் வேலை செய்வதால், அதன் செல்வாக்கு இரத்தத்தின் வழியாகவே உடலெங்கும் போகிறது என்று 1849இல் எழுதினார். ஹார்மோன் என்ற சொல்லே இல்லாத காலம் அது. பிற்காலத்தில் காயடித்த சேவலின் கொண்டையே அளவுகோலாயிற்று: ஒரு சாற்றை ஊசியில் ஏற்றிக் கொண்டை எவ்வளவு வளர்கிறது என்று பார்த்து அதில் ஆண் ஹார்மோன் எவ்வளவு என்று கணித்தார்கள். 1931இல் அடால்ஃப் பூட்டெனாண்ட் ஏறத்தாழ 15,000 லிட்டர் சிறுநீரிலிருந்து ஆண்ட்ரோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தபோதும் கொண்டைதான் வழிகாட்டியது.

ஹார்மோன் புரிந்ததும் கத்தியே வேண்டாமே என்று தோன்றியது. 1947 முதல் அமெரிக்காவில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கைப் பெண் ஹார்மோனைச் சிறு மாத்திரையாகச் சேவலின் கழுத்துத் தோலுக்கடியில் வைத்தார்கள். வலி குறைவுதான். ஆனால் மருந்து கறியிலும் தங்கியது. 1959இல் கோழிக்கு அதைத் தடைசெய்தார்கள். பறவைக்கு இலகுவான வழி உண்பவருக்கு ஆகவில்லை.

நெறிக் கேள்வி சட்டமாக எழுந்தது பிரிட்டனில். 1982இல் வந்த விதிகள் சேவலுக்கு அறுவை மூலம் காயடிப்பதையும், குரல் வராமல் செய்யும் அறுவையையும் தடைசெய்தன. 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின் கீழும், சிகிச்சைக்காக அன்றி இவற்றைச் செய்ய அனுமதி இல்லை. பிரான்சிலும் ஸ்பெயினிலும் கறிக்காகச் செய்வது தொடர்கிறது. கண்டத்துக்குக் கண்டம் கூட அல்ல, ஒரு கால்வாயைத் தாண்டினாலே ஒரே செயல் குற்றமாகவும் கைத்திறனாகவும் மாறுகிறது.

செல்லமாகச் சேவல் வளர்ப்பவரின் சிக்கல் வேறு. அவருக்குக் கறி வேண்டாம். கூவலும் சீற்றமும் அடங்கினால் போதும். ஒரு மீட்டர் தொலைவில் சேவலின் கூவல் 100 டெசிபலைத் தாண்டும். நகரத்து அண்டை வீட்டாரின் பொறுமை அங்கே முடிந்துவிடுகிறது. 2019இல் பிரான்சின் ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் கூவுவதாக வழக்கே நடந்தது. நீதிமன்றம் சேவலின் பக்கம் நின்றது. 2021இல் கிராமப்புறத்து ஒலிகளையும் மணங்களையும் மரபுச் சொத்தாகக் காக்கும் சட்டமும் அந்நாட்டில் வந்தது. எல்லா ஊரிலும் சேவலுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. பல நகரங்களில் சேவல் வளர்க்கவே தடை.

பறவை மருத்துவர்கள் இன்று மயக்கம் கொடுத்து உள்நோக்கிக் கருவியோடு விதையை எடுக்கிறார்கள். வலி குறைந்திருக்கிறது, ஆபத்து போய்விடவில்லை. செல்லச் சேவல் பெரும்பாலும் வளர்ந்த பிறகே மருத்துவரிடம் வருகிறது. அப்போது விதை அவரைக்கொட்டையைவிடப் பெரிதாகி இரத்தக்குழாயோடு ஒட்டிக் கிடக்கும். அந்த அறுவையால் பறவையின் உடலுக்கு நன்மை ஒன்றும் இல்லை. நன்மை முழுவதும் மனிதருக்கு. வீட்டைவிட்டுத் துரத்தப்படவோ கொல்லப்படவோ இருக்கும் சேவலுக்கு மட்டும் அது ஓரளவு நியாயமாகலாம். நாய்களுக்கென வந்த டெஸ்லோரெலின் மருந்துத் துணுக்கைத் தோலுக்கடியில் வைப்பது இன்னொரு வழி. விதையின் வேலையைச் சில மாதங்கள் அடக்கும், பறவைக்குப் பறவை பலன் மாறும், விலையும் அதிகம்.

கத்தியும் மருந்தும் வேண்டாதவர்களுக்குக் கழுத்துப்பட்டை கடைகளில் கிடைக்கிறது. கூவும்போது காற்று முழுதாக நிரம்பாமல் தடுத்து ஒலியைக் குறைக்கும் அது. சற்றே இறுகினால் மூச்சும் தீனியும் தடைப்படும். இருட்டுப் பெட்டியில் அடைப்பவர்களும் உண்டு. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013இல் நடந்த ஆய்வு, மங்கிய ஒளியிலேயே வைத்திருந்த சேவலும் தன் உடற்கடிகாரப்படி விடியல் நேரத்தில் கூவுகிறது என்று காட்டியது. ஆகவே இருட்டு ஒலியை மட்டுப்படுத்தலாம், நிறுத்தாது. அதே ஆய்வாளர்கள், கூட்டத்தில் மேல்நிலையில் உள்ள சேவலே முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்தொடரும் என்றும் கண்டார்கள். ஒரே கூட்டில் இரண்டு மூன்று சேவல் இருந்தால் ஒன்றின் குரல் மற்றதைக் கிளப்பிவிடும் என்பது வளர்ப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

சீற்றத்துக்கு எளிய வழிகள் இருக்கின்றன. ஒரு சேவலுக்கு எட்டிலிருந்து பத்துப் பெட்டை என்ற கணக்கு, போதிய இடம், முள்ளின் கூர்நுனியை மழுக்குவது. சில பண்ணைகளில் பெட்டைகளே கண்ணில் படாத இடத்தில் சேவல்களை மட்டும் கூட்டமாக வளர்க்கிறார்கள். மிதிக்கப் போட்டி இல்லாததால் சண்டை குறைகிறது. முட்டைக்காக மட்டும் கோழி வளர்ப்பவருக்குச் சேவலே தேவையில்லை. பெட்டை சேவல் இல்லாமலும் முட்டையிடும்.

பொரிக்கும் குஞ்சில் பாதி சேவல் என்பதுதான் சிக்கலின் வேர். கோடு போட்ட இறகுள்ள பிளிமத் ராக் பெட்டையைச் சிவப்பு ரோட் ஐலண்ட் சேவலோடு சேர்த்தால், சேவல் குஞ்சின் தலையில் வெள்ளைப் புள்ளி தெரியும். முதல் நாளே பிரித்துவிடலாம். பிரித்த பிறகு பெரும்பாலான பொரிப்பகங்கள் அவற்றைக் கொன்றுவந்தன. வாங்குபவர் கண்ணிலிருந்து கொலை மறைந்ததே தவிர நிற்கவில்லை. ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் அந்தக் கொலையைத் தடைசெய்தது. முட்டைக்குள் கரு வளரும்போதே பாலினம் பார்த்து, சேவல் கரு உள்ள முட்டையைப் பொரிக்காமல் ஒதுக்கும் முறைக்கு அங்குள்ள பொரிப்பகங்கள் பல மாறியிருக்கின்றன.