மஞ்சி நீள்ளு, உப்பு நீள்ளு

கண்டிபேட் தண்ணீரைக் குடித்தவர் ஹைதராபாதை விட்டுப் போகமாட்டார் என்று அந்த ஊரில் ஒரு சொலவடை உண்டு. இன்று கண்டிபேட் ஏரிக்குப் போகும் வழியெல்லாம் அடுக்குமாடிகள். அவற்றில் பலவற்றின் குளியலறையில் ஷவரின் துளைகளை வெள்ளைக் காரை அடைத்திருக்கிறது. பக்கெட்டில் சோப்புத்தூள் நுரைக்க மறுக்கிறது. ஏரி கூப்பிடு தூரத்தில் இருக்க, குழாயில் வருவது போர் தண்ணீர்.

நம் ஊரில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்போம். தெலுங்கில் மஞ்சி நீள்ளு, உப்பு நீள்ளு. பழைய நகரத்து உருதுவில் மீட்டா பானி, காரா பானி. சென்னையின் கரையோரத்தில் உப்புக்குக் கடலைக் காரணம் காட்டலாம். ஹைதராபாத் கடலிலிருந்து வெகு தூரம். கடல்மட்டத்துக்கு மேல் 500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் பாறைமேல் அமர்ந்த ஊர். அங்கே காரணம் அந்தப் பாறையேதான்.

சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல் அது. மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி மெல்ல ஊறும்போது கல்லிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கரைந்து சேர்கின்றன. வெயில் கடுமையான மண்ணில் ஈரம் ஆவியாக, சுண்ணாம்பு சுக்கான் கற்களாகப் படிந்து, அடுத்த மழையில் மறுபடி கரைகிறது. போர் ஆழமாகப் போகப் போக, நெடுநாள் பாறையோடு கிடந்த நீர் மேலே வருவதும் உண்டு. அந்த நீரில் பருப்பு வேக நேரமெடுப்பது சமையல்காரரின் குற்றமல்ல: பருப்பின் செல்சுவர்களிலுள்ள பெக்டினைக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இப்படிக் கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவான மொத்தக் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைத்திருக்கிறது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி.

இந்த ஊரை ஆண்டவர்கள் கிணற்றோடு நிற்காமல் ஏரியும் வெட்டினார்கள். 1562 வாக்கில் இப்ராஹிம் குதுப் ஷா காலத்தில் உசேன் சாகர் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 21 வளைவுகள் கொண்ட கல் அணையோடு மீர் ஆலம் ஏரி வந்தது. பிறகு 1908 செப்டம்பர் 28. மூசி ஆறு கரைபுரண்டு ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்லப் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா அழைக்கப்பட்டார். மேல்பகுதியில் நீர்த்தேக்கங்கள் கட்டச் சொன்னார். மூசியின் குறுக்கே 1920இல் உஸ்மான் சாகர், அதாவது கண்டிபேட். ஈசி ஆற்றின் குறுக்கே 1927இல் ஹிமாயத் சாகர். உயிர்காக்கக் கட்டிய அணைகள் ஊருக்கே குடிநீர் தந்தன. கண்டிபேட் நீர் பம்பு இல்லாமல், சரிவை நம்பியே ஆசிப் நகர் வடிகட்டும் தொட்டிகளுக்கு இறங்கி வந்தது. ஆற்றில் ஓடிவந்த மழைநீருக்குப் பாறையோடு நெடுநாள் உறவாட நேரமில்லை; அந்தச் சொலவடை புகழும் ருசியில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

ஊர் பெருத்தது. 1965இல் மஞ்சீரா ஆற்று நீர் வந்தது, 1990களில் சிங்கூர் அணை நீர், 2004இல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து கிருஷ்ணா, 2015இல் அதைவிடத் தொலைவிலிருந்து கோதாவரி. ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தள்ளியிருந்தது. நீரை மேட்டுக்கு ஏற்றத் தேவையான மின்சாரம் கூடியது. ஆனால் வீடுகள் குழாயைவிட வேகமாகப் பரவின. 2007இல் சுற்றியிருந்த 12 நகராட்சிகளைச் சேர்த்துப் பெருநகர மாநகராட்சி உருவானபோது, புறநகரின் பல காலனிகள் போரையும் லாரியையும் நம்பியே இருந்தன. எந்தத் தெருவரை ஆற்றுநீர்க் குழாய் வந்திருக்கிறது என்பதைக் கெட்டிலின் அடியில் படிந்த சுண்ணாம்பைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

மென்மையான நீரெல்லாம் சுத்தமான நீர் ஆகாது என்பதையும் ஹைதராபாத் பட்டறிந்திருக்கிறது. 2009 மே மாதம், நகரின் நடுவேயுள்ள போலக்பூரில் குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்து உயிர்கள் பறிபோயின. சுண்ணாம்பு ஷவரைத்தான் அடைக்கும். சாக்கடை ஆளையே கொல்லும்.

உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்ற இரட்டை ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குப் பெருங்கட்டடங்களையும் ஆலைகளையும் தடுத்த 1996ஆம் ஆண்டின் அரசாணை 111, 2022இல் தளர்த்தப்பட்டது. ஒரு நூற்றாண்டாக நல்ல தண்ணீர் தந்த நிலத்துக்குச் செய்த அநியாயம் இது.

புறநகர் அடுக்குமாடியின் சம்ப்பில் இப்போது மூன்று நீரும் கலக்கின்றன: ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஆற்றுநீர், லாரி நீர், சொந்த போர். விகிதம் மாதத்துக்கு மாதம் மாறும். உப்பைக் கொண்டு கடினத்தை நீக்கும் இயந்திரம் கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது. அதனால் நீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டரில் எண் குறைவதில்லை; இயந்திரம் வேலை செய்யவில்லையென்று ஆளைக் கூப்பிடுகிறார்கள். சமையலறையிலோ, பருப்புக்கும் டீக்கும் மட்டுமென்று ஒரு குடம் ஆற்றுநீரைத் தனியே மூடி வைக்கிறார்கள்.