பெயர் நீக்கப்பட்ட சாட்சிகள்: காங்கோவும் ரோஜர் கேஸ்மென்ட்டும்

திருக்குறளில் தூதுக்கென ஓர் அதிகாரமே உண்டு. அங்கே பேசப்படும் தூதன், தன் உயிருக்கே கேடு வரினும் தன்னை அனுப்பிய வேந்தனுக்கு நலம் தேடுபவன். அதியமானின் பொருட்டுத் தொண்டைமானிடம் சென்ற ஒளவையும் தம் மன்னனுக்காகவே பேசினார். சென்றடைந்த நாட்டின் குடிகள் படும் துன்பத்தை அந்நாட்டு ஆட்சியாளனிடமே எடுத்துரைக்க வேண்டும் என்ற கடமை நம் பழைய தூதிலக்கணத்தில் இல்லை. பிற மரபுகளிலும் நெடுங்காலம் அது அரிதாகவே இருந்தது. நட்பு நாடொன்று தன் ஆளுகைக்கு உட்பட்ட மக்களை நடத்தும் விதம் குறித்து இன்னோர் அரசு முறைப்படி வினவலாம் என்ற எண்ணம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதனை அடுத்தும்தான் வலுப்பெற்றது. அவ்வினா எவ்வாறு எழுகிறது, எழுந்தபின் அதற்கு என்ன நேர்கிறது என்பதை அறியக் காங்கோவின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவான பாடம் வேறில்லை என்றே நாம் கருதுகிறோம்.

பெல்ஜியத்தின் மன்னர் இரண்டாம் லியோபோல்ட் காங்கோவைத் தம் நாட்டுக்காகப் பெறவில்லை, தமக்கே பெற்றார். 1884 டிசம்பரில் பிரித்தானியா அவரது அமைப்பின் கொடியை அங்கீகரித்தது. 1885இல் கையெழுத்தான பெர்லின் உடன்படிக்கை, அப்படுகையில் தடையற்ற வணிகத்தை உறுதி செய்ததோடு, பூர்வகுடிகளைக் காப்பதும் அவர்களது வாழ்வை மேம்படுத்துவதும் அங்கே அதிகாரம் செலுத்தும் அரசுகளின் கடமை என்றும் அறிவித்தது. அரசுகள் ஒன்றையொன்று மகிழ்விக்க எழுதிக்கொண்ட அலங்கார வாக்கியமாக அது இருந்திருக்கலாம். ஆயினும் எழுதப்பட்டுவிட்டது. பின்னாளில் கேள்வி எழுப்பியவர்கள் பிடித்துக்கொண்ட கொம்பு அதுவே.

1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். அதன்பின் உலகச் சந்தையில் ரப்பரின் தேவை பெருகியது. காங்கோவின் காட்டுக்கொடிகளில் ரப்பர் இருந்தது. அதனைச் சேகரிக்கக் கூலி தரும் எண்ணம்தான் இல்லை. ஊருக்கு இவ்வளவு என்று அளவு விதிக்கப்பட்டது. ஆண்கள் காட்டிலிருந்து ரப்பர் கொண்டுவரும்வரை பெண்கள் பிணையாகப் பிடித்து வைக்கப்பட்டனர். செலவிட்ட தோட்டாக்களுக்குக் கணக்குக் காட்ட, வெட்டப்பட்ட வலக்கைகளைப் படைவீரர்கள் கொண்டுவர வேண்டியிருந்தது. தோட்டாவை வேட்டைக்குப் பயன்படுத்தியவன், உயிருள்ளோரின் கைகளை வெட்டிக் கணக்கை நேர்செய்தான்.

இவை எவரும் அறியாத செய்திகள் அல்ல. கறுப்பின அமெரிக்கரான ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் 1890லேயே லியோபோல்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். சமயப்பணியாளர் சிலரும் எழுதினர். லிவர்பூல் கப்பல் நிறுவனமொன்றின் எழுத்தரான எட்மண்ட் மோரல், ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் ரப்பரும் தந்தமும் வந்திறங்குவதையும், மறுபயணத்தில் பெரும்பாலும் துப்பாக்கிகளும் தோட்டாக்களுமே ஏறுவதையும் கணக்கேடுகளில் கண்டு, வணிகம் என்ற பெயரில் அங்கே நடப்பது அடிமை உழைப்பே என்று முடிவு செய்தார். இத்தனைக்குப் பிறகே 1903 மே 20 அன்று பிரித்தானிய மக்களவை, காங்கோ பற்றி உடன்படிக்கை நாடுகளுடன் கலந்து பேசுமாறு அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குச் சான்று வேண்டும். காங்கோவில் பிரித்தானியத் துணைத்தூதராக இருந்த ரோஜர் கேஸ்மென்ட் உள்நாட்டுக்குப் புறப்பட்டார்.

அரசின் நீராவிப் படகில் சென்றால் அரசு காட்டுவதையே காண நேரும். ஆகவே அவர் அமெரிக்க பாப்டிஸ்ட் சபையாரின் சிறு படகொன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டார். 1887இல் தாம் கண்ட ஊர்களை மீண்டும் கண்டார். அன்று ஐயாயிரம் பேர் வாழ்ந்த லுகொலேலாவில் அறுநூறு பேர்கூட எஞ்சவில்லை. தப்பி வந்தவர்களின் வாய்மொழியைக் கேட்டு, ஊர், பெயர், நிகழ்வு என்று எழுதிக்கொண்டார். 1903 டிசம்பரில் அறிக்கையை ஒப்படைத்தார்.

பிரஸ்ஸல்சில் பிரித்தானியாவின் பிரதிநிதியாக இருந்த கான்ஸ்டன்டைன் ஃபிப்ஸ் அதனை வெளியிடுவதை விரும்பவில்லை. மன்னருடன் உறவு கெடும் என்பது அவரது கவலை. 1904 பிப்ரவரியில் அறிக்கை வெளிவந்தபோது, மனிதர்களின் பெயர்களும் பல ஊர்களின் பெயர்களும் அகற்றப்பட்டு, அவ்விடங்களில் வெற்றெழுத்துக்கள் நின்றன. கொன்றவனும் ஓர் எழுத்து; கையிழந்தவனும் ஓர் எழுத்து. கேஸ்மென்ட் கொதித்துப் போனார். பதவி விலகவும் முற்பட்டார்.

சாட்சிகளைப் பழிவாங்கலிலிருந்து காக்க இது தேவையே என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தை நாம் எளிதில் ஒதுக்குவதற்கில்லை. ஆனால் குற்றம் புரிந்தோரின் பெயர்களும் சேர்ந்தே மறைந்தன என்பதை நோக்க வேண்டும். தவிர, மறைப்பு எவரைக் காத்தது? எபோண்டோ என்னும் இளைஞன், படைக்காவலன் ஒருவன் தன் கையை வெட்டியதாகக் கேஸ்மென்ட்டிடம் கூறியிருந்தான். காங்கோ அதிகாரிகள் அவனைத் தேடிப்பிடித்தனர். காட்டுப்பன்றி கடித்ததால் கை போயிற்று என்று அவன் வாக்குமூலம் மாறியது. அந்த ஒன்றைக் காட்டி முழு அறிக்கையையும் பொய்யென்று நிறுவ லியோபோல்ட் தரப்பு முயன்றது. மறைக்கப்பட்ட பெயர் அதிகாரிகளுக்குத் தெரிந்தே இருந்தது. வெள்ளைத்தாளைப் புரட்டிய வாசகனுக்கு மட்டுமே தெரியவில்லை.

எதிர்ப்புக்கு முகங்கொடுக்க லியோபோல்ட் தாமே மூன்று நீதிபதிகள் கொண்ட விசாரணைக் குழுவை அனுப்பினார். அக்குழுவின் முன் பொலிமாவின் தலைவரான லொந்துலு வந்தார். ரப்பருக்காகக் கொல்லப்பட்ட தம் மக்களுக்கு ஈடாக நூற்றுப்பத்துக் குச்சிகளை மேசைமேல் வைத்தார். பெரியோர், ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என நான்கு குவியல்கள். ஒவ்வொரு குச்சியாக எடுத்து, இறந்தவரின் பெயரைச் சொன்னார்.

1905இல் வெளிவந்த குழுவின் அறிக்கை, கேஸ்மென்ட் கூறியவற்றைப் பெருமளவு உறுதி செய்தது. எனினும் நூற்றுக்கணக்கான சாட்சிகளின் வாக்குமூலங்கள் அதனுடன் அச்சாகவில்லை. அவை பிரஸ்ஸல்ஸ் ஆவணக் காப்பகத்தில் பூட்டப்பட்டு, 1980கள் வரை ஆய்வாளருக்கு எட்டாமலே கிடந்தன. லொந்துலு சொன்ன பெயர்களும் அவற்றுள் அடக்கம்.

பெயர்கள் மறைந்தாலும் வினா மறையவில்லை. 1904 மார்ச்சில் மோரல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். கூட்டங்களும் நிழற்படங்களும் அரசை விடாது துரத்தின. 1908 நவம்பரில் காங்கோ மன்னரின் தனிச்சொத்து என்ற நிலை மாறிப் பெல்ஜிய நாட்டின் காலனியானது. அதற்குச் சற்று முன்னரே காங்கோ ஆவணங்களை லியோபோல்ட் நாட்கணக்கில் எரித்தார். இந்தக் கட்டத்தில்தான் பிரித்தானியா உண்மையில் விலையுள்ள செயலொன்றைச் செய்தது. இணைப்பை அது அங்கீகரிக்கவில்லை. சீர்திருத்தம் கண்ணுக்குத் தெரியும்வரை, 1913 வரை, அங்கீகாரத்தை நிறுத்தி வைத்தது. ஜெர்மனியின் வலிமை வளர்ந்து, பெல்ஜியத்தின் நட்பு மிகவும் தேவைப்பட்ட ஆண்டுகள் அவை. கண்டனக் குறிப்புகள் அனைத்தையும்விட, தரப்படாமல் நின்ற அந்த ஒற்றை ஒப்புதல் பிரஸ்ஸல்சை அதிகம் உறுத்தியது எனலாம்.

கேட்டவரின் கை தூய்மையானதா என்ற வினாவும் அன்றே எழுந்தது. லிவர்பூல் வணிகரின் பொறாமையே இத்தனைக்கும் காரணம் என்றனர் லியோபோல்டின் ஆதரவாளர். அதே 1904இல்தான் டிரான்ஸ்வால் சுரங்கங்களுக்குச் சீனக் கூலிகள் ஒப்பந்தத்தின் பேரில் கொண்டுவரப்பட்டனர். காங்கோவின் காட்டு ரப்பரைச் சந்தையிலிருந்து தள்ளிய மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோரில் பெரும்பகுதியினர் தமிழர். அவர்களது துயரை எந்த நட்பு நாடும் லண்டனிடம் வினவவில்லை. இக்குற்றச்சாட்டுகளில் உண்மை உண்டு. ஆனால் அவ்வுண்மை வெட்டப்பட்ட ஒரு கையையும் மீண்டும் ஒட்டவைக்காது. கேட்டவனின் குறையைச் சுட்டுவது கேள்விக்குப் பதிலாகாது. ஒருவன் தன் வீட்டிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் பெறத்தக்க முடிவு.

கேஸ்மென்ட் அவ்வாறு கேட்டவர். 1910இல் அமேசான் காட்டின் புட்டுமயோவுக்குச் சென்று, லண்டனில் பதிவான ரப்பர் நிறுவனமொன்றின் கொடுமைகளை வெளிக்கொணர்ந்தார். 1911இல் அரசு அவருக்கு 'சர்' பட்டம் அளித்தது. பின்னர் அவர் தம் சொந்த அயர்லாந்தின் விடுதலைக்காக ஜெர்மனியின் உதவியை நாடினார். 1916 ஆகஸ்ட் 3 அன்று அதே அரசு அவரைத் தூக்கிலிட்டது. குறள் காட்டும் தூதனின் இலக்கணத்தை அவர் இறுதியில் மீறினார் என்றே அரசு கண்டது. காங்கோவிலேயே அவர் அதனை விரித்துவிட்டார் என்பது நம் கருத்து.

இன்று அரசுகள் மனித உரிமை பற்றி முறையாகவே பேசிக்கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் சீனாவுடன் அத்தகைய உரையாடலை 1995இல் தொடங்கியது. பேச்சு மூடிய அறையில் நடக்கும். கவலை தெரிவிக்கப்பட்டது என்று ஓர் அறிக்கை வெளிவரும். வணிகம் தன் வழியே செல்லும். இவற்றைப் பயனற்றவை என்று ஒதுக்க நாம் துணியவில்லை. பெர்லினில் எழுதிய வெற்று வாக்கியமே பின்னர் கருவியானதைக் கண்டோம். ஆனால் அத்தகைய அறிக்கையைப் படிக்கையில் இரண்டை மட்டும் தேடிப் பார்க்கலாம். அந்த அறையில் எவருடைய பெயரேனும் உச்சரிக்கப்பட்டதா? கேட்ட நாடு எதையேனும் தராமல் நிறுத்தி வைத்ததா? லொந்துலு தம் நூற்றுப்பத்துக் குச்சிகளோடு நெடுவழி நடந்து வந்தது முதலாவதற்காக. காங்கோ மக்களுக்குச் சிறிதேனும் மூச்சுவிட இடம் கிடைத்ததில், இரண்டாவதற்கும் பங்குண்டு.