பங்குனி ஆமையின் இனப்பெருக்க முதிர்ச்சியைக் கண்டறிந்த வரலாறு

பங்குனி ஆமை இந்தியாவின் கிழக்குக் கரையில் மிகுதியாக முட்டையிடும் கடலாமை இனமாகும். தமிழகக் கரையில் சனவரி முதல் மார்ச் வரை பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் சுண்ணாம்புக்குளம் முதலிய ஊர்களின் மீனவர்கள் பழவேற்காடு ஏரியை நம்பி வாழ்பவர்கள். ஆமைகளோ ஏரிக்குள் முட்டையிடுவதில்லை. ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் மணல்வெளியின் கடற்பக்கத்தையே நாடுகின்றன. அவ்வாறு கரையேறும் ஆமைக்கு வயது என்ன, அது பிறந்து எத்தனை ஆண்டுகளில் முட்டையிடும் பருவத்தை அடைந்தது என்பவை நெடுங்காலம் விடை தெரியாத கேள்விகளாக இருந்தன.

சென்னைக் கரையில் தொடக்கம்

1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்களும் இரவில் கடற்கரையில் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடினர். நாய்களும் மனிதர்களும் எடுத்துவிடாதபடி முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட மணற்பரப்பில் புதைத்துப் பொரிக்கச் செய்தனர். பின்னர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இப்பணியைச் செய்தன. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு இதனைத் தொடர்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இவ்வாமை 1977இல் சேர்க்கப்பட்டது.

கடலில் விடப்பட்ட குஞ்சுகளில் எத்தனை வளர்ந்து திரும்பின என்பதை அறிய வழியில்லை. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுக்கு, முதிர்ந்த ஆமையின் துடுப்பில் பொருத்துவது போன்ற உலோக அடையாளத் தகட்டைப் பொருத்த இயலாது.

புறத்தோற்றமும் அதன் குறையும்

முட்டையிடும் பெண் ஆமை முதிர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆகவே, அத்தகைய ஆமைகளின் ஓட்டு நீளமே முதல் அளவுகோலாயிற்று. பங்குனி ஆமையில் இது பெரும்பாலும் 60 முதல் 75 செ.மீ. வரை இருக்கும். முதிர்ந்த ஆணின் வால் நீண்டு, ஓட்டைத் தாண்டி வெளியே தெரியும். குட்டையான வால் உள்ள ஆமை பெண்ணாகவும் இருக்கலாம், பருவமடையாத ஆணாகவும் இருக்கலாம். மேலும், ஒரே நீளத்தில் ஓர் ஆமை முதிர்ந்தும் மற்றொன்று முதிராமலும் இருப்பதுண்டு. முதிர்ந்தபின் வளர்ச்சி மிகவும் குறைந்துவிடுவதால், நீளத்தைக் கொண்டு வயதையும் சொல்ல முடியாது.

உடலினுள் காணுதல்

1970களின் இறுதியில் அமெரிக்காவில் டேவிட் ஓவென்சும் அவருடைய குழுவினரும் குருதியிலுள்ள டெஸ்டோஸ்டிரோன் அளவைக் கொண்டு இளம் ஆமைகளின் பாலினத்தை அறியும் முறையை வகுத்தனர். சிறு துளை வழியே மெல்லிய உள்நோக்குக் கருவியைச் செலுத்தி, சூலகத்தை நேரில் பார்க்கும் முறையும் பரவியது. ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் கோலின் லிம்பசு இதனைப் பெருமளவில் பயன்படுத்தினார். சூலகத்தில் முன்னர் முட்டையிட்டதன் தழும்புகள் இருந்தால் அந்த ஆமை முதிர்ந்தது எனத் தெளியலாம்.

எலும்பில் எழுதிய வயது

மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஆமையின் முன்துடுப்பின் மேற்புற எலும்பிலும் வளர்ச்சிக் கோடுகள் பதிகின்றன. இறந்த ஆமைகளின் எலும்பை மெல்லிய சீவல்களாக்கி இக்கோடுகளை எண்ணுகின்றனர். பசிபிக் பெருங்கடலின் பங்குனி ஆமைகளை இவ்வாறு ஆராய்ந்த ஜார்ஜ் சுக் குழுவினர், அவை சுமார் 13 வயதில் முதிர்ச்சி அடைவதாக 2006இல் மதிப்பிட்டனர். உட்புற எலும்பு வளர வளரத் தேய்ந்து, பழைய கோடுகள் அழிந்துபோவதால் இது மதிப்பீடே அன்றி நேரடிக் கணக்கு அன்று.

இதன் நெருங்கிய உறவான கெம்பு ஆமையில் நேரடிச் சான்று கிடைத்தது. 1978 முதல் பல ஆண்டுகள் குஞ்சுகளை அடைத்து வளர்த்து, ஓரளவு பெரிதானபின் அடையாளமிட்டுக் கடலில் விட்டனர். அவற்றில் இரண்டு 1996இல் டெக்சாசின் பாட்ரே தீவுக் கரையில் முட்டையிட்டது கண்டறியப்பட்டது.

முதிர்ச்சி வயதின் முக்கியத்துவம்

முட்டைகளைக் காப்பது மட்டும் போதுமா என்ற கேள்விக்கு முதிர்ச்சி வயதே விடை தருகிறது. 1987இல் டெபோரா குரூசு, லாரி குரவுடர், ஆல் காசுவெல் ஆகியோர் பெருந்தலை ஆமைக்கு ஒரு கணித மாதிரியை வெளியிட்டனர். எல்லா முட்டைகளையும் காப்பாற்றினாலும், வளர்ந்த இளம் ஆமைகளும் முதிர்ந்த ஆமைகளும் கடலில் தொடர்ந்து இறந்தால் இனம் மீளாது என அது காட்டியது.

ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் விலங்கு. இழுவலைக்குள் நெடுநேரம் அகப்பட்டால் அது மூச்சுமுட்டி இறந்துவிடும். 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. முட்டையிடும் காலத்தில் கரையை நெருங்குபவை முதிர்ந்த ஆமைகளே. அவற்றில் ஒன்று இறந்தால் அதன் இடத்தை நிரப்ப, இன்று பொரிக்கும் குஞ்சு பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலில் உயிர்பிழைத்து வளர வேண்டும்.