சிம்பல் ஸ்டாண்ட்

டிரம்ஸ் செட்டில் சிம்பல் தட்டைத் தாங்கும் மூன்று கால் தாங்கி. திருமங்கலம் பக்கத்து நையாண்டி மேளத்துக்கு இது வேண்டியதில்லை. தவில் தோளில், பம்பை இடுப்பில், ஜால்ரா கையில். திருவிழா மேடையேறும் மெல்லிசைக் குழுவுக்கோ பெரும் சுமையே இதுதான்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள், உயரத்தை நிறுத்தும் திருகு, உச்சியில் சாய்வை மாற்றும் மூட்டு. தட்டின் மேலும் கீழும் கம்பளி வில்லை. தட்டின் துளையில் நுழையும் கம்பிக்கு நைலான் உறை. விரல் நுனி அளவேயான இந்த உறை தேய்ந்தால், கம்பியின் மரை துளையை அறுத்துவிடும். விலைகூடிய தட்டு நாளடைவில் விரிசல் விடும். மேல் நட்டை முடுக்கினாலும் அதே கதி. தட்டு ஆட வேண்டும்.

சாய்கரமுள்ள பூம் ஸ்டாண்டில் ஒரு காலைத் தட்டுக்கு நேர்கீழே வைக்காவிட்டால் கவிழும். 1920களில் அமெரிக்காவில் உருவான ஹைஹாட் ஸ்டாண்டுக்கு மிதிகட்டை உண்டு. காலால் போடும் ஜால்ரா எனலாம். பலகை மேடையில் வழுக்காதிருக்க அடியில் ஒரு பழைய ஜமுக்காளம் போதும்.