மாட்டுத் தரகர் மொழி: பல்லும் விரலும்

மாட்டுத் தரகரின் பேச்சைக் குழூஉக்குறி என்னும் ஒரு சொல்லால் வகைப்படுத்திவிடுவது எளிது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை நன்னூல் உரைகள் எடுத்துக்காட்டும் மரபையொட்டி, பிறர்க்கு விளங்காமை ஒன்றே இத்தகைய மொழியின் நோக்கம் எனக் கொண்டுவிடுகிறோம். தேர்ந்த தரகரின் தொழில்முறையை உற்று நோக்கின் இக்கருத்து நிறைவற்றது என்பது புலப்படும்.

தரகர் முதலில் பார்ப்பது வாயை. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கீழ்த்தாடையின் எட்டுப் பாற்பற்களும் இணையிணையாக விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. ஏறத்தாழ இரண்டு வயதில் முதல் இணையும், நான்கு வயதைக் கடந்த அளவில் நான்காம் இணையும் தோன்றும். எனவே ‘பல் போடாதது’, ‘இரண்டு பல்’, ‘நாலு பல்’, ‘ஆறு பல்’, ‘பல் சேர்ந்தது’ என்பன வயதுப் பெயர்களேயன்றிப் பற்களின் எண்ணிக்கையல்ல. ‘இரண்டு பல் காளை’யைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் பொக்கை வாய்க் கிழட்டு மாட்டைப் படைத்துவிடுவார்; குறிக்கப்படுவதோ இளங்காளை. இந்திச் சந்தைகளில் ‘தோ தாந்த்’, ‘சார் தாந்த்’ என்பனவும் இவ்வாறே வழங்குகின்றன. வயதுப் பொருளில் ‘தந்த’ என்னும் ஈறு திரிந்து ‘த்விதன்’, ‘சதுர்தன்’ என வரும் எனப் பாணினி தனி விதியே வகுத்துள்ளார் (5.4.141). அவ்விதி கால்நடைக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் பல்லை எண்ணி வயது சொல்லும் வழக்கின் தொன்மையை அது காட்டுகிறது.

அடுத்தது விலை. வாங்குவோர் பக்கத்துத் தரகர் சுழிக் குறைகளை உரக்க அடுக்குவார். அதே வேளையில் துண்டின் மறைவில் விரல்கள் விலை பேசிக்கொண்டிருக்கும். இம்முறை மாட்டுச் சந்தைக்கே உரியதன்று. கள்ளிக்கோட்டையின் தரகர்கள் துணியால் கையை மூடி, விரல் தொட்டு, வாய் திறவாமல் விலை முடித்ததை இத்தாலியப் பயணி வர்த்தேமா 1510இல் வெளிவந்த தம் நூலில் விவரித்தார். தக்காண வைரச் சுரங்கப் பகுதிகளில் தாம் கண்டதைப் பிரெஞ்சு வணிகர் தவர்னியே, 1676இல் வெளிவந்த நூலில் மேலும் நுட்பமாகத் தருகிறார். முழுக் கையைப் பற்றினால் ஆயிரம், ஐந்து விரல் ஐந்நூறு, ஒரு விரல் நூறு, நடுக்கணு வரை ஐம்பது, நுனி பத்து. பலர் கூடிய ஒரே கூடத்தில் ஒரே பொதி பலமுறை கைமாறினும் உடனிருப்போர் விலையறியார் என்றும் அவர் குறிக்கிறார்.

இவ்விடத்தில்தான் மறைப்பின் உண்மைப் பயன் விளங்குகிறது. கேட்ட விலையும் மறுத்த விலையும் பிறர் காதில் விழாமையால் பேரம் முறிந்தாலும் எவர்க்கும் இழுக்கில்லை. அதே மாட்டை அடுத்தவரிடம் புதிதாகப் பேசலாம். மற்றொன்று, ஒரு விரல் நூறா ஆயிரமா என்பதை மாட்டின் தரமும் அன்றைய நிலவரமுமே உணர்த்திவிடுகின்றன. ஆகையால் நாணய மதிப்பு எவ்வளவு மாறினும் குறிமுறை மாற வேண்டியதில்லை. ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் கன்னடம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் கூடுகின்றனர். அங்கே விரலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை என்பது நம் போன்ற மொழிபெயர்ப்பாளர்க்குச் சற்றுப் பொறாமை தரும் செய்தி!

உழவு எந்திரங்கள் பெருகி, உழவு மாட்டு வாணிகம் சுருங்கிவிட்டது. வட்டார வழக்குச் சொல் தொகுப்போர் ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் கொண்டு சென்றால் சுழியைப் பற்றிய வசவுகளே கிடைக்கும், விலை கிடைக்காது. எந்த விரல், எந்தக் கணு, எத்தனை அழுத்தம் என்பவற்றை முதிய தரகர்களிடம் கேட்டு, கையின் வரைபடத்தோடு சந்தைவாரியாகப் பதிவு செய்தல் வேண்டும்.