கொந்தகை முகமும் ஒரு சுடுமண் முயலும்

2025 ஜூன் கடைசியில் அந்த இரண்டு முகங்கள் பேப்பரில் வந்தது ஞாபகம் இருக்கும். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை இடுகாட்டில், தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து உருவாக்கிய முகங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை. இரண்டு பேருமே ஆண்கள், ஐம்பதிலிருந்து அறுபது வயதுக்குள், சுமார் 2,500 வருஷத்துக்கு முந்தைய ஆட்கள் என்றார்கள்.

எங்கள் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் அன்று பூராவும் இதுதான். ஒருத்தன் "எங்க பெரியப்பா மாதிரியே இருக்காருடா" என்றான். இன்னொருத்தன் மூக்கு சரியில்லை என்றான். அப்புறம் நிறத்தைப் பற்றி ஆரம்பித்தது சண்டை. ராத்திரி பதினோரு மணிக்கு அட்மின் குரூப்பையே பூட்டி வைத்தார். :-)

நான் படிப்பது பி.காம். மண்டை ஓட்டுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. ஆனால் எங்கள் பாடத்தில் முதல் வருஷமே மண்டையில் ஏற்றுகிற ஒரு விஷயம் உண்டு. லெட்ஜரில் எந்தத் தொகை இருந்தாலும் "வவுச்சர் எங்கே?" என்று கேட்க வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. நாம் பார்த்தது படம். அந்தப் படத்துக்கு அடியில் ஒரு உருவம் இருக்கிறது. அந்த உருவத்துக்கு அடியில் எண்கள் இருக்கின்றன. நாங்கள் ராத்திரி முழுக்கச் சண்டை போட்டது ஐந்தொகையைப் பார்த்து. வவுச்சரை ஒருத்தரும் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டருக்குள் ஒரு உருவம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், சுலபம்தான். ஒரு பொருளின் மேல்பரப்பில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் வைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை மும்மூன்றாகச் சேர்த்தால் சின்னச் சின்ன முக்கோணங்கள். அந்த முக்கோணங்களைச் சேர்த்தால் வலை மாதிரி ஒரு போர்வை. அவ்வளவுதான். முகமோ, முயலோ, மீனாட்சி கோயில் தூணோ, எல்லாமே கடைசியில் இந்த எண் பட்டியல்தான்.

(முக்கோணம் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 1802இல் லாம்ப்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தென்னிந்தியாவையே முக்கோணம் முக்கோணமாகப் பிரித்துக்கொண்டு போனார். சமவெளியில் குன்று இல்லாத இடங்களில் கோபுரங்கள் மேல் கருவியை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சாவூர் பெரிய கோயிலில் அப்படி ஏற்றும்போது அரை டன் கருவி மோதி நசுங்கியது தனிக்கதை.)

இந்த எண் பட்டியலை அடுத்தவனுக்குக் கொடுப்பதில்தான் சரித்திரமே இருக்கிறது. 1975இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவருக்கு, கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்க வளைவுகள் உள்ள ஒரு பொருள் தேவைப்பட்டது. டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மனைவி, இந்த டீ ஜாடியையே வரையேன் என்றாராம். வரைந்தார். அதன் எண்களை மற்றவர்களுக்கும் கொடுத்தார். அதற்குப் பிறகு யார் புது முறை கண்டுபிடித்தாலும் அந்த ஜாடியில்தான் சோதித்தார்கள். எல்லோரிடமும் ஒரே ஜாடி இருந்ததால் யார் வேலை நல்ல வேலை என்று ஒப்பிட முடிந்தது. அசல் ஜாடி இன்று கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது.

அடுத்தது என் அபிமான ஆள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிரெக் டர்க், மார்க் லெவாய் இருவரும் லேசர் ஸ்கேனர் வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். ஈஸ்டர் சமயத்தில் டர்க் கடைத்தெருவில் போகும்போது, வீட்டு அலங்காரச் சாமான் கடையில் ஒரு முயல் பொம்மையைப் பார்த்து வாங்கி வந்தார். சுடுமண் முயல்! நம்ம விளாச்சேரியில் கொலுவுக்குச் செய்கிற பொம்மை ஜாதி. அதைப் பத்துப் பக்கத்திலிருந்து ஸ்கேன் செய்து, பத்துத் துண்டுகளையும் ஜிப் போடுகிற மாதிரி ஓரம் சேர்த்து ஒட்டினார்கள். 1994இல் கட்டுரை வந்தது. மொத்தம் 69,451 முக்கோணங்கள். ஆராய்ச்சிக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். உருவங்களைச் சுருக்குவது, வழவழப்பாக்குவது, ஓட்டை அடைப்பது என்று இந்தத் துறையில் வந்த எத்தனையோ கட்டுரைகளில் அந்த முயல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கடைத்தெரு பொம்மைக்கு இந்த யோகம்.

அளப்பதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, அதே லெவாய் கோஷ்டி இத்தாலியில் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். 1998-99இல் மைக்கேலாஞ்சலோவின் சிலைகளை ஸ்கேன் செய்யப் போனார்கள். டேவிட் சிலை 434 சென்டிமீட்டர் உயரம் என்று கலை வரலாற்றுப் புத்தகங்களில் இருந்தது. அதை நம்பித்தான் ஸ்கேனரைத் தாங்கும் சாரத்தை வடிவமைத்திருந்தார்கள். அங்கே போய் அளந்தால் 517! கிட்டத்தட்ட மூன்று அடி வித்தியாசம். உலகத்திலேயே புகழ்பெற்ற சிலை, தினமும் ஆயிரக்கணக்கான பேர் அண்ணாந்து பார்க்கிற சிலை, அதன் உயரத்தை ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் காப்பி அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பரீட்சை ஹாலில் நாம் மட்டும்தான் அப்படிச் செய்கிறோம் என்று நினைத்தேன். கடைசியில் டேவிட் சுமார் 200 கோடி முக்கோணங்களாக கம்ப்யூட்டருக்குள் வந்தார்.

ஆனால் டேவிட்டை முயல் மாதிரி அவிழ்த்துவிட முடியவில்லை. இத்தாலியர்களோடு போட்ட ஒப்பந்தப்படி, அனுமதி வாங்கிய ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தான் முழு விவரம். முயல் ஒரு பொம்மை, டேவிட் ஒரு நாட்டின் சொத்து. எதை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது. இதை ஞாபகத்தில் வையுங்கள், மண்டை ஓட்டுக்குத் திரும்பும்போது வேண்டும்.

மண்டை ஓட்டை எண்ணாக்க இன்னொரு வழியும் உண்டு. ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேன் எலும்பை ரொட்டித் துண்டு மாதிரி அடுக்கடுக்காகப் படம் எடுக்கும். அந்த அடுக்குகளிலிருந்து மேல்பரப்பை முக்கோணங்களாகப் பிரித்தெடுக்கும் முறையை 1987இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் லோரன்சனும் கிளைனும் வெளியிட்டார்கள். டாக்டர்களுக்காகச் செய்த வேலை, தொல்லியல்காரர்களுக்கும் வரமாகப் போயிற்று. ஓட்டை உடைக்காமல், பெட்டியில் கட்டி கப்பலில் ஏற்றாமல், எண்களை மட்டும் அனுப்பலாம். கொந்தகை ஓடுகளின் முப்பரிமாண ஸ்கேன் மதுரையில் எடுத்து லிவர்பூலுக்கு அனுப்பப்பட்டது.

அங்கே எலும்பின் மேல் சதை வைப்பது எப்படி? இந்த வேலைக்கும் ஒரு எண் பட்டியல் வேண்டும். 1895இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், பாக் என்ற இசைமேதையின் எலும்பு இதுதானா என்று தெரிந்துகொள்ள, வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூறு நிபுணர் சடலங்களின் முகத்தில் ஊசி குத்தி, நெற்றியில் சதை எவ்வளவு கனம், கன்னத்தில் எவ்வளவு, தாடையில் எவ்வளவு என்று அளந்தார். அந்தக் கணக்கை வைத்து சிற்பி ஒருவர் ஓட்டின் வார்ப்பு மேல் களிமண் பூசினார். இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களையே ஸ்கேன் செய்து அளக்கிறார்கள், களிமண்ணுக்குப் பதில் கம்ப்யூட்டர். தத்துவம் அதேதான். அதாவது எலும்பு சொல்வது பாதி. யாருடைய சதைக் கணக்கை அதன் மேல் போர்த்துகிறோம் என்பது மீதி.

நிறம் அதையும் தாண்டிய விஷயம். எலும்பில் நிறம் எழுதியிருக்காது. கொந்தகை முகங்களுக்கு இன்றைய தமிழ்நாட்டு மக்களை ஒட்டி நிறம் கொடுத்தார்கள். இதில் தப்பு நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. லிவர்பூலின் முக ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் கரோலின் வில்கின்சன், முன்பு டண்டீ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இங்கிலாந்து ராஜா மூன்றாம் ரிச்சர்டின் முகத்தை உருவாக்கியவர். லெஸ்டர் நகரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தாரே, அவர்தான். 2013இல் வந்த முகத்துக்குக் கருத்த முடி, பழுப்புக் கண். 2014இல் டி.என்.ஏ. முடிவு வந்தது: கண் நீலமாக இருந்திருக்க 96 சதவீத வாய்ப்பு, சின்ன வயதில் முடி பொன்னிறமாக இருந்திருக்க 77 சதவீதம். முகத்தின் வடிவம் அப்படியே இருந்தது, நிறத்தைத் திருத்தினார்கள். திருத்த முடிந்ததே, எது எலும்பு எது ஊகம் என்று தனித்தனியாக வைத்திருந்ததால்தான். எங்கள் குரூப்பில் அடித்துக்கொண்டதெல்லாம் அந்த ஊகப் பகுதிக்காக.

சரி, நம்ம பக்கம் மண்டை ஓட்டு ஆராய்ச்சிக்கு இது முதல் தடவையா என்றால் இல்லை. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1876இலேயே ஜெர்மானியர் ஜாகோர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899இலிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அங்கே கிடைத்த மண்டை ஓடுகளை ஆராய்ந்து சக்கர்மேன் என்பவர் எழுதியதை 1930இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. அந்தக் காலத்து இனக் கோட்பாடுகளில் எத்தனையோ இன்று குப்பைக்குப் போய்விட்டன. ஆனால் அச்சில் ஏறிய அளவுகள் குப்பைக்குப் போகவில்லை, இன்றும் ஒருவர் எடுத்து ஒப்பிடலாம். இதற்கு நேர்மாறு, அதே ஆதிச்சநல்லூரில் 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. நூற்றுக்கு மேல் தாழிகள். அறிக்கை பத்து வருஷத்துக்கு மேல் வராமல், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. (கீழடி அறிக்கை விவகாரம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் நான் போகவில்லை.)

கொடுத்து வைத்ததனால் வந்த பலனையும் சொல்ல வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைப் படம் எடுத்து வைத்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தனிலிருந்து திருடுபோன நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகம் ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. இது அந்தச் சிலைதான் என்று காட்ட உதவியது அந்தப் பழைய புகைப்படங்கள். 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். வெறும் புகைப்படத்துக்கே இவ்வளவு பலம் என்றால், எல்லாப் பக்கமும் அளந்த உருவம் இருந்தால்!

அப்படியானால் கொந்தகை ஓட்டை முயல் மாதிரி யாரும் இறக்கிக்கொள்ளும்படி போட்டுவிடலாமா? ஆரம்பத்தில் எனக்கு அதுதான் தோன்றியது. அப்புறம் ஸ்டான்ஃபோர்ட்காரர்களின் குறிப்பைப் படித்தேன். அவர்கள் முயலோடு ஒரு புத்தர் சிலையின் உருவத்தையும் கொடுக்கிறார்கள். கூடவே ஒரு வேண்டுகோள்: புத்தரை உடைப்பது, உருக்குவது மாதிரி வேலைகள் வேண்டாம், அதற்கெல்லாம் முயலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலைக்கே இப்படி யோசிக்கிறார்கள். இது ஒரு மனிதரின் தலை. யாரோ அழுதுகொண்டு தாழியில் வைத்துப் புதைத்த தலை. அதை எவனாவது வீடியோ கேமில் பேயாக்கி விளையாடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டேவிட்டுக்குச் செய்த மாதிரி, பெயரும் காரணமும் எழுதிக் கொடுத்து வாங்கும் ஏற்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது. மதுரையில் ஒரு எம்.எஸ்சி. மாணவிக்கும் லிவர்பூல் பேராசிரியருக்கும் ஒரே ஓடு கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெண் இதே எலும்பின் மேல் வேறு சதைக் கணக்கைப் போட்டுப் பார்த்து, வேறு முகம் வருகிறதா என்று சொல்லட்டும்.

ஆனால் கொடுப்பதை அழகுபடுத்திக் கொடுக்கக் கூடாது. 2016இல் ஜோ, ஜேக்கப்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஜனங்கள் முப்பரிமாண அச்சுக்காகச் செய்து போட்டிருந்த 10,000 உருவங்களைத் திரட்டி வெளியிட்டார்கள். ஓட்டை விழுந்தது, ஒன்றுக்குள் ஒன்று புகுந்தது, மூடாதது எல்லாம் அதில் உண்டு. முயலில் அருமையாக ஓடுகிற முறைகள் இந்தக் கூட்டத்தில் தடுமாறுகின்றன. குறை தெரியும்படி இருந்ததால்தான் அந்தத் திரட்டு உபயோகமானது.

முயலுக்கும் குறை உண்டு. சிநேகிதன் லேப்டாப்பில் அதை இறக்கிக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் ஓட்டைகள். சில ஓட்டை அந்த மண்பொம்மையிலேயே இருந்தது, மற்றவை ஸ்கேனர் எட்டாத இடம். அதை அடைத்து மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அப்புறம் கொந்தகைப் பெரியவர் படத்தை மறுபடி திறந்து, எலும்பு எங்கே முடிகிறது, ஊகம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். படத்தில் அது தெரியவில்லை.